பேட்மேன்: அண்டர் தி ரெட் ஹூட் – வளர்த்த கடா திரும்பி வந்து கேட்கும் கேள்வி

டிசி காமிக்ஸ் கதைகளை வைத்து தியேட்டருக்குப் போகாமல் நேராக டிவிடி, ப்ளூரே என்று இறக்கும் அனிமேஷன் படங்களில் முக்கால்வாசி ஒருமுறை பார்த்து மறந்துவிடக்கூடியவை. நாலு பேர் பறப்பார்கள், நகரம் பாதி இடியும், கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று ஒரு போஸ், முடிந்தது. 2010 ஜூலையில் வந்த ‘அண்டர் தி ரெட் ஹூட்’ மட்டும் இத்தனை வருடம் கழித்தும் பேட்மேன் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் பேச்சில் வந்துவிடுகிறது. மொத்தமே 75 நிமிடம்தான். அதில் ஒரு பத்து நிமிடத்தைத் தாராளமாக வெட்டி எறியலாம். ஆனால் மீதி இருப்பது, கோடிகளைக் கொட்டி எடுத்த பல லைவ் ஆக்‌ஷன் பேட்மேன் படங்களைவிட நல்ல படம் என்பது என் கருத்து.

கதையைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேசவே முடியாது. ரெட் ஹூட் என்ற சிவப்பு முகமூடிக்குப் பின்னால் இருப்பது யார் என்று இன்னும் தெரியாதவர்கள் இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். உண்மையில் படமே அதைப் பெரிய மர்மமாகப் பொத்தி வைக்கவில்லை, டைட்டிலுக்கு முன்னாலேயே பாதி விஷயம் கையில் கிடைத்துவிடுகிறது.

அந்த முதல் காட்சி போஸ்னியாவில் ஒரு கிடங்கு. பேட்மேனின் இளம் கூட்டாளியாக ராபின் வேடம் போட்ட இரண்டாவது பையன் ஜேசன் டாட் தரையில் கிடக்கிறான், ஜோக்கர் கையில் கடப்பாறை. அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் நடுவில் சாவகாசமாகப் பேச்சுக் கொடுக்கிறான், எந்தப் பக்கமிருந்து அடித்தால் அதிகம் வலிக்கிறது என்று டென்னிஸ் பயிற்சியாளர் மாதிரி கேட்கிறான். இன்னொரு பக்கம் பேட்மேன் பைக்கில் பறந்து வருகிறார். ஜோக்கர் கிளம்பிப் போன பிறகு பையன் இழுத்து இழுத்துக் கதவு வரைக்கும் வருகிறான், கதவு பூட்டியிருக்கிறது, திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் வெடிகுண்டின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்மேன் வந்து சேரும்போது கட்டடம் வெடிக்கிறது. ரத்தத்தைக் கொட்டிக் காட்டாமல், அடி விழும் சத்தத்தையும் சுவரில் விழும் நிழலையும் வைத்தே வயிற்றைக் கலக்குகிறார் இயக்குநர் பிராண்டன் வியெட்டி. அமெரிக்காவில் இதற்கு பிஜி-13 சான்றிதழ். கார்ட்டூன்தானே என்று ஏழெட்டு வயதுப் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள்.

இந்தச் சாவுக்குப் பின்னால் ஒரு நிஜக் கதை உண்டு. முதல் ராபின் டிக் கிரேசன் வளர்ந்து தனி வழியில் போய்விட்டதால் (பிறகு நைட்விங் என்ற தனி ஹீரோ ஆனவன் இவன்தான்) 1983இல் புதிதாகக் கொண்டுவந்த பையன்தான் ஜேசன். சில வருடம் கழித்து அவன் பின்கதையை மாற்றி எழுதினார்கள். நிறுத்தியிருந்த பேட்மேன் காரின் டயரையே திருட வந்த தெருப்பையன், வாய்த்துடுக்கு, கோபக்காரன். வாசகர்களில் பலருக்கு அவனைக் கண்டாலே ஆகவில்லை. 1988இல் டிசி என்ன செய்தது என்றால், வெடிவிபத்தில் அவன் சிக்குவதோடு ஓர் இதழை நிறுத்திவிட்டு, பிழைக்க வேண்டுமா சாக வேண்டுமா என்று தொலைபேசியில் ஓட்டுப் போடச் சொன்னது. ஒரு அழைப்புக்கு 50 சென்ட். பிழைக்கட்டும் என்றவர்கள் 5271, சாகட்டும் என்றவர்கள் 5343. 72 ஓட்டில் பையன் காலி. காமிக்ஸில் அவன் செத்தது எத்தியோப்பியாவில், படத்துக்காக அதை போஸ்னியாவுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆக ஜேசனைக் கொன்றதில் ஜோக்கருக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு காசு கொடுத்து போன் போட்ட வாசகனுக்கும் உண்டு. அதனால்தான் அவன் திரும்பி வந்து ‘ஏன்’ என்று கேட்கும்போது அந்தக் கேள்வி பேட்மேனோடு நிற்காமல் நம் பக்கமும் கொஞ்சம் திரும்புகிறது.

சரி, படத்துக்கு வருவோம். ஐந்து வருடம் கழித்து கோதம் நகரம். போதை மருந்து விற்கும் ரவுடிகளை எல்லாம் ஓரிடத்துக்கு வரவழைக்கிறான் சிவப்பு முகமூடி போட்ட ஒருவன். மேலே நின்றுகொண்டு, இனிமேல் வியாபாரம் என் கையில், லாபத்தில் 40 சதவீதம் எனக்கு, ஊரின் பெரிய தாதாவான பிளாக் மாஸ்க்கிடமிருந்தும் பேட்மேனிடமிருந்தும் உங்களை நான் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் சிறுவர்களுக்கு விற்றால் செத்தீர்கள் என்கிறான். ஏன் உன் பேச்சைக் கேட்க வேண்டும் என்று ஒருவன் எகிற, ஒரு பையைத் தூக்கிக் கீழே போடுகிறான். திறந்து பார்த்தால் அவர்களுடைய வலதுகை ஆட்கள் எட்டுப் பேரின் தலை. இதற்கு இரண்டு மணி நேரம்தான் ஆனது, ராத்திரி முழுக்க நேரம் கிடைத்தால் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொள்ளுங்கள் என்கிறான். பைக்குள் இருப்பதை நமக்குக் காட்டுவதில்லை, பார்ப்பவர்களின் முகம் மாறுவதை மட்டும் காட்டுகிறார்கள், அதுவே போதும். படம் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லும் காட்சி இதுதான், சொல்வதில் தப்பே இல்லை. இந்தப் பையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் எனக்கு இதை வைத்து ஒரு வழக்கு இருக்கிறது.

இதற்குப் பிறகு படம் கொஞ்ச நேரம் ஏனோதானோ என்று போகிறது. அமேசோ என்று ஒரு ரோபோ, ஜஸ்டிஸ் லீக் என்ற சூப்பர்ஹீரோ கூட்டத்து ஆட்களின் சக்தி எல்லாம் அதற்கு உண்டு. பேட்மேனும் நைட்விங்கும் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள், சண்டை நன்றாக வரையப்பட்டிருக்கிறது, ஆனால் அது இந்தக் கதைக்கு எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. பிறகு ஃபியர்சம் ஹேண்ட் ஆஃப் ஃபோர் என்று நாலு கூலிக்கொலையாளிகள், ஏதோ வீடியோ கேமில் இருந்து இறங்கி வந்த மாதிரி. ரெட் ஹூட்டும் பேட்மேனும் பழைய பழக்கத்தில் தோளோடு தோள் நின்று அவர்களை அடிக்கிறார்கள், ஒரு நிமிடம் பழைய ஜோடி திரும்பி வந்துவிட்டது போல இருக்கிறது, உடனே ரெட் ஹூட் அவர்களில் ஒருவனைக் கொன்றுவிடுகிறான், பேட்மேன் திகைத்துப் போய் நிற்கிறார். அந்த ஒரு நொடிக்காக அந்த நாலு பேரையும் மன்னிக்கலாம். அமேசோவை மன்னிக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

நைட்விங் விஷயத்திலும் எனக்குக் குறை உண்டு. நீல் பேட்ரிக் ஹாரிஸ் குரலில் லொடலொடவென்று பேசிக்கொண்டே சண்டை போடும் டிக், வாயையே திறக்காத பேட்மேனுக்குப் பக்கத்தில் அவ்வளவு பொருத்தம். மூத்தவன் பேட்மேனை விட்டு விலகிப் போயும் உறவை விடாதவன், இளையவன் செத்துப்போய் எதிரியாகத் திரும்பி வந்தவன், இந்த இருவரையும் ஒரே அறையில் பேச விட்டிருந்தால் என்னவாகியிருக்கும்! ஆனால் காலில் அடிபட்டது என்று சொல்லி நடுவிலேயே நைட்விங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். முகமூடிக்குப் பின்னால் யார் என்று தெரிந்த பிறகு டிக்குக்கு எப்படி இருந்திருக்கும் என்பது படத்தில் இல்லவே இல்லை. அமேசோவுக்குக் கொடுத்த நிமிடங்களை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

யார் என்று பேட்மேனுக்குத் தெரியவரும் விதம் அருமை. துரத்தல் முடிந்து குகைக்குத் திரும்பி முகமூடியில் பதிவான ஒலியைப் போட்டுக் கேட்கிறார்கள். இரைச்சலுக்கு நடுவில் ரெட் ஹூட் ஏதோ சொல்லியிருக்கிறான், வடிகட்டி வடிகட்டிக் கேட்டால் கடைசியில் ‘புரூஸ்’ என்று பேட்மேனின் நிஜப் பெயர் விழுகிறது. பின்னணி இசையைக் கூட்டாமல் அந்தப் பெயரை அப்படியே விட்டிருக்கிறார்கள். அதன்பிறகு ரத்தத்தைப் பழைய ராபினின் ரத்தத்தோடு ஒப்பிடுவது, கல்லறையைத் தோண்டி உள்ளே இருப்பது பொம்மை என்று கண்டுபிடிப்பது எல்லாம் ஒரு துப்பறியும் கதை மாதிரி ஓடுகிறது. பேட்மேன் அடிப்படையில் ஒரு துப்பறிவாளன் என்பதே பல படங்களுக்கு மறந்துபோய்விடுகிறது, இதற்கு மறக்கவில்லை.

செத்தவன் எப்படி வந்தான்? காமிக்ஸில் இதற்குச் சொன்ன காரணம் கேட்டால் சிரிப்பு வரும். வேறொரு உலகத்து சூப்பர்பாய் பிரபஞ்சத்தின் சுவரைக் குத்தினானாம், அந்த அதிர்வில் ஜேசன் சவப்பெட்டிக்குள் விழித்துக்கொண்டானாம். காமிக்ஸை எழுதிய ஜட் வினிக்தான் படத்துக்கும் திரைக்கதை, நல்லவேளையாக அதைக் கடாசிவிட்டார். படத்தில் பேட்மேனைத் திசைதிருப்ப ஜோக்கரைக் கூலிக்குப் பிடித்தவன் ராஸ் அல் கூல் என்ற இன்னொரு வில்லன், பையன் செத்தது அவன் கணக்கில் இல்லாதது, குற்ற உணர்ச்சியில் உடலைத் திருடி, செத்தவரை எழுப்பும் லாசரஸ் குழியில் இறக்குகிறான், எழுந்து வந்தவன் புத்தி பேதலித்து ஓடிவிடுகிறான். வில்லனுக்கு மனசாட்சி உறுத்தியது என்பது கொஞ்சம் வசதியான விளக்கம்தான், ஆனாலும் செய்த தப்பைத் திருத்தப் போய் அதைவிடப் பெரிய தப்பைச் செய்யும் ஆள் இந்தக் கதைக்குள் ஒட்டுகிறான்.

இப்போது ஜோக்கர். அனிமேஷனில் பல வருடம் ஜோக்கராகப் பேசிய மார்க் ஹாமில் குரலுக்குப் பழகிய காதுக்கு ஜான் டிமாஜியோவின் கனத்த, கரகரத்த குரல் முதலில் ஒவ்வாது. பத்து நிமிடத்தில் பழகிவிடும். ரெட் ஹூட்டைப் பிடிக்க வேறு வழியில்லாமல் பிளாக் மாஸ்க் ஜோக்கரை ஆர்க்கம் மனநலக் காப்பகத்திலிருந்து வெளியே எடுக்கிறான். கேட்டு வாங்கிய தண்ணீர்க் கிளாஸை உடைத்து அங்கே நின்ற காவலாட்கள் எல்லோரையும் கொன்றுவிட்டு, மூச்சுகூட வாங்காமல் எனக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடுகிறான்: போட்டுக்கொள்ள நல்ல உடை, ஊதாவாக இருந்தால் நல்லது, ஒரு லாரி, அப்புறம் கொஞ்சம் ஆட்கள், இவர்கள் வேண்டாம், இவர்கள்தான் செத்துவிட்டார்களே. பிளாக் மாஸ்க் கோபத்தில் அடியாட்களைப் போட்டு உதைத்துக்கொண்டே இருக்கும் ஆள், அவனே வாயடைத்து நிற்பான். வேட் வில்லியம்ஸ் அந்த வேடத்தை நன்றாகவே சிரிக்க வைத்திருக்கிறார், அவனுடைய காரியதரிசியாக வரும் கெல்லி ஹூ ஒருவர்தான் படத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி வரும் பெண், அவருக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் வேலை.

ஜோக்கர் வெளியே வரவேண்டும் என்பதற்காகத்தான் ரெட் ஹூட் இவ்வளவையும் செய்தான், 40 சதவீதம், பை, பிளாக் மாஸ்க்கைச் சீண்டியது எல்லாமே தூண்டில் என்று பாலத்துக் காட்சியில் தெரியும்போது கதை முழுவதும் இன்னொரு தரம் மனசுக்குள் ஓடுகிறது. ‘ரெட் ஹூட்’ என்பதே ஒரு காலத்தில் ஜோக்கர் ரசாயனத் தொட்டியில் விழுவதற்கு முன் போட்டிருந்த வேடம் (1951 முதல் காமிக்ஸில் உள்ள விஷயம்). தன்னைக் கொன்றவனின் பழைய பெயரையே பையன் எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறான்.

கிளைமாக்ஸ் கிரைம் ஆலியில், ஒரு பாழடைந்த அறை. ஜோக்கர் கட்டிப்போடப்பட்டிருக்கிறான், ஜேசனின் ஒரு கையில் துப்பாக்கி. பேட்மேன் நினைத்துக்கொண்டிருப்பது, தன்னைக் காப்பாற்றாததற்காகத்தான் பையனுக்குக் கோபம் என்று. அவனோ, காப்பாற்ற முடியாமல் போனதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன், ஆனால் இவன் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று கேட்கிறான். பெங்குவின், ஸ்கேர்குரோ மாதிரி மற்ற வில்லன்களைக் கொல்லச் சொல்லவில்லை, இவன் ஒருவனைத்தான் சொல்கிறேன், என்னை உன்னிடமிருந்து பறித்தவன் என்பதற்காக. செத்தது நீயாக இருந்திருந்தால் நான் இவனைத் தேடிப் பிடித்துக் கொன்றிருப்பேன் என்கிறான். ஜென்சன் ஆக்கிள்ஸின் குரல் இந்த இடத்தில் உடைகிறது, அதுவரைக்கும் திமிராகப் பேசிய கொலைகாரன் காணாமல் போய் அப்பாவிடம் அழும் பையன் வந்துவிடுகிறான். குரல் நடிப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த மூன்று நிமிடத்தைப் போட்டுக் காட்டலாம்.

பேட்மேன் சொல்லும் பதில் சட்டமோ தர்மமோ இல்லை. அவனைக் கொல்வது கஷ்டம் என்று நினைக்கிறாயா, அது ரொம்பச் சுலபம், அவனை அணு அணுவாகச் சித்திரவதை செய்ய வேண்டும் என்று நினைக்காத நாளே இல்லை, ஆனால் ஒருமுறை அந்தப் பள்ளத்தில் இறங்கிவிட்டால் நான் திரும்ப மாட்டேன் என்கிறார். புரூஸ் கிரீன்வுட் இதைக் கத்தாமல், களைத்துப்போன குரலில் சொல்கிறார். நேர்மையான பதில்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் சுயநலமான பதிலும்கூட, நான் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக அவன் இன்னும் எத்தனை பேரைக் கொன்றாலும் பரவாயில்லை என்றுதானே ஆகிறது. கெட்டவனைப் போட்டுத் தள்ளிவிட்டு ஹீரோ ஸ்லோமோஷனில் நடந்து வருவதற்கு விசிலடித்தே வளர்ந்த நமக்கு ஜேசன் பக்கம் சாய்வது ரொம்பச் சுலபம். சாய்ந்துகொள்ளுங்கள் என்றுதான் படமும் விட்டுவிடுகிறது.

இங்கேதான் நான் சொன்ன வழக்கு. ‘இவன் ஒருவனை மட்டும்’ என்று ஜேசன் சொல்கிறானே, அந்தப் பையில் இருந்த எட்டுத் தலை யாருடையது? ஒருவனுக்காக வந்தவன் வழியில் ஒரு டஜனுக்கு மேல் கொன்றுவிட்டுத்தான் இந்த அறைக்கு வந்திருக்கிறான். இறங்கினால் திரும்ப முடியாத பள்ளம் என்று பேட்மேன் சொல்வதற்குச் சாட்சியே எதிரில் நிற்கும் பையன்தான். ஆனால் பேட்மேன் அதைச் சொல்வதில்லை, பையைப் பற்றி வாயே திறப்பதில்லை. முதலில் பார்த்தபோது இதை எழுத்தாளர் கோட்டை விட்டுவிட்டார் என்றுதான் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. வாதத்தில் ஜெயிக்க வேண்டுமானால் அந்த எட்டுப் பேரையும் இழுத்திருக்கலாம், ஆனால் பையன் கேட்பது குற்றவியல் கேள்வியே இல்லை, நான் போனதில் உனக்கு எவ்வளவு வலித்தது என்பதுதான். அதற்கு நீ எட்டுப் பேரைக் கொன்றாயே என்று பதில் சொல்லும் அப்பன் என்ன அப்பன்?

அதன்பின் ஜேசன் பேட்மேன் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்து, நான் இவனைச் சுடப்போகிறேன், தடுக்க வேண்டுமானால் என்னைச் சுடு என்கிறான். பேட்மேன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு முதுகைக் காட்டி நடக்கிறார். பின்னாலிருந்து சுடுகிறான், பேட்மேன் திரும்பிய வேகத்தில் வீசிய பேட்டராங் (வௌவால் வடிவ எறிகத்தி) ஜேசனின் துப்பாக்கிக் குழலுக்குள் போய் அது கையிலேயே வெடிக்கிறது. காமிக்ஸில் அந்தப் பேட்டராங் ஜேசனின் கழுத்தைக் கிழிக்கும், ஜோக்கரைக் காப்பாற்ற பையனின் கழுத்தில் எறிந்தார் என்பது அவ்வளவு கசப்பான முடிவு. படத்தில் மென்மைப்படுத்திவிட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் காமிக்ஸ்தான் பிடிக்கும். மற்றபடி இருவரும் வலியில் நிற்கும்போது ஜோக்கர் சந்தோஷத்தில் கூத்தாடுவது, யார் ஜெயித்தாலும் அவனுக்கு லாபம் என்பது, படத்தில் இன்னும் நன்றாகவே வந்திருக்கிறது.

படம் வரைந்திருக்கும் விதம் பற்றி: முகங்கள் கோடு கோடாக எளிமையாக இருக்கும், சில இடங்களில் அசைவு கொஞ்சம் விறைப்பாகவும் தெரியும், பட்ஜெட் அவ்வளவுதான். அந்தக் காசை எல்லாம் கைச்சண்டையில் போட்டிருக்கிறார்கள். கடைசிச் சண்டையில் இரண்டு பேரும் சுவரில், ஜன்னலில், குளியலறை பீங்கானில் எல்லாம் மோதிக்கொள்ளும்போது ஒவ்வொரு அடிக்கும் எடை இருக்கிறது. கிறிஸ்டோபர் டிரேக்கின் இசை சண்டையில் கொஞ்சம் வழக்கமானதுதான், சோகக் காட்சிகளில் அடக்கி வாசித்திருப்பது நல்லது.

வாங்குபவர்களுக்கு: ப்ளூரேயில் ஜோனா ஹெக்ஸ் என்ற கௌபாய் பாத்திரத்தை வைத்து ஒரு குறும்படம் இருக்கிறது, பத்துப் பன்னிரண்டு நிமிடம், இருட்டான சின்னக் கதை, தவறவிடாதீர்கள். டிக் கிரேசன், ஜேசன் டாட் இருவரைப் பற்றியும் தனித்தனி ஆவணப்படம் உண்டு, ஜேசனுடையதில் அந்தத் தொலைபேசி ஓட்டுக் கதையைச் சம்பந்தப்பட்டவர்களே பேசுவார்கள். 2020இல் ‘டெத் இன் த ஃபேமிலி’ என்று ஒன்று வந்தது, ரிமோட்டில் நாமே முடிவெடுத்து ஜேசன் பிழைப்பதா சாவதா என்று கதையை மாற்றலாம். யோசனை என்னவோ பிரமாதம், ஆனால் பல வழிகளில் இந்தப் படத்தின் காட்சிகளையே வெட்டி ஒட்டி மேலே குரலைப் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள். டிஜிட்டலில் வாங்கினால் அந்த முடிவெடுக்கும் வசதியும் கிடையாது. விலை குறையும்போது வாங்கிக்கொள்ளலாம். டைட்டன்ஸ் தொடரின் மூன்றாவது சீசனில் இதே ரெட் ஹூட் கதையை ஸ்கேர்குரோவைக் கூட்டுச் சேர்த்து 13 எபிசோடுக்கு இழுத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு ஜேசன் டாட் என்றாலே எரிச்சல் என்று முடிவு செய்தவர்கள் இதற்கு ஒரு 75 நிமிடம் கொடுத்துப் பாருங்கள். ஆக்கிள்ஸின் குரல் பிடித்துப்போனால், 2021இல் வந்த ‘தி லாங் ஹாலோவீன்’ இரண்டு பாகத்திலும் அவரே பேட்மேனாகப் பேசியிருக்கிறார். ஆனால் முதலில் இதைப் பார்த்துவிட்டு அதற்குப் போங்கள்.